எட்டு லைட்டும் எரிகிறது, ஆனால் மாடியில் 94-ஐத் தாண்டவில்லை

8.6.2024, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

புது வீடு. கீழே ஹாலில் ரூட்டர், மாடியில் எனக்கு ஆபீஸ் ரூம். சுவருக்குள் பைப் போட்டு கேட்6 (லான் கேபிளில் ஒரு தரம்) கேபிள் இழுத்திருக்கிறது. பிளான் 300 எம்பிபிஎஸ். ஹாலில் வைஃபையில் 280 வருகிறது. மாடியில் வயர் குத்தினால் 94, அதற்கு மேல் அசையவே இல்லை. எலக்ட்ரீஷியன் டெஸ்டர் போட்டுக் காட்டினார், 1 முதல் 8 வரை இரண்டு பக்கமும் வரிசையாக எரிகிறது. "கேபிள் பக்கா, ரூட்டர்தான் அடிபட்டிருக்கு, மாத்துங்க" என்கிறார். மாற்றிவிடவா?

8.6.2024, இரவு

மாற்ற வேண்டாம் அண்ணன். வைஃபையில் 280 கொடுக்கிற ரூட்டருக்கு என்ன கேடு?

94 என்பது தற்செயலாக வரும் எண் இல்லை. லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருந்தால், ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பும் இடைவெளியும் தின்றது போக ஸ்பீடு டெஸ்டில் மிஞ்சுவது 94, 95. கிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், இணைந்தால் இதே கணக்கில் 940 சொச்சம் வரை போகும். உங்கள் பிளான் 300 என்பதால் அதை ஒட்டி நிற்கும். 87, 61, 40 என்று ஏறி இறங்கினால் அது வேறு வியாதி. 94-லேயே நின்றால் எங்கோ ஓரிடத்தில் கிகாபிட் 100 ஆக இறங்கியிருக்கிறது.

லேப்டாப்பில் ஈதர்நெட் செட்டிங்கைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அதில் 100/100 என்றிருக்கிறதா, 1000/1000 என்றிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். ஸ்பீடு டெஸ்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட இந்த ஒரு வரி பிரயோஜனம்.

9.6.2024

படுத்த பிறகு தோன்றியது, சேர்த்துக்கொள்கிறேன். கேபிளைக் குற்றம் சொல்லும் முன் இரண்டு முனையிலும் இருக்கும் போர்ட்டைப் பாருங்கள். ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டிகள் சிலவற்றில் நான்கு லான் போர்ட் இருந்தாலும் ஒன்றுதான் கிகாபிட், மற்றவை 100. லேப்டாப்பில் லான் போர்ட் இல்லாமல் யூஎஸ்பி டாங்கிள் போட்டிருந்தால், விலை குறைந்த டாங்கிள் பலவும் 100 தான். ஸ்மார்ட் டிவியை வைத்து டெஸ்ட் செய்யவே செய்யாதீர்கள். விலை கூடிய டிவியிலும் லான் போர்ட் பெரும்பாலும் 100 தான். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் டிவியில் 94 வருவதைப் பார்த்துவிட்டு சுவரை உடைக்க ஆள் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது கொத்தனார் சாயா குடித்துக்கொண்டிருந்தார், சுவர் தப்பித்தது.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ரூட்டரோடு வந்த சின்ன கேபிளை அதே போர்ட்டில் குத்திப் பாருங்கள். காசு செலவில்லாத டெஸ்ட் இதுதான்.

9.6.2024, மாலை

கேட்டவர் பதில் போட்டுவிட்டார். சின்ன கேபிளில் 1000/1000, ஸ்பீடு 290. சுவர் கேபிளில் 100/100. ரூட்டருக்கு ஜாமீன் கிடைத்தது.

மாடியில் சுவரிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் பேட்ச் கார்டையும் மாற்றிப் பார்த்தாராம், வித்தியாசம் இல்லை. அப்போ சுவருக்குள்தான். இரண்டு பக்கமும் முகப்புத் தட்டைக் கழற்றி, கலர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

10.6.2024

போட்டோ வரும்வரை அந்த டெஸ்டரைப் பற்றிக் கொஞ்சம்.

நம் எல்லார் பையிலும் கிடப்பது ஒரே சாமான்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி போட்ட பெரிய துண்டு ஒன்று, தூரத்து முனைக்குச் சின்னத் துண்டு ஒன்று. பெரியது ஒவ்வொரு கம்பியாகக் கொஞ்சம் கரண்டை அனுப்பும், சின்னதில் அந்த நம்பர் லைட் எரியும். கம்பி அறுந்திருந்தால் எரியாது. இடம் மாறியிருந்தால் இங்கே 3 எரியும்போது அங்கே 6 எரியும். இந்த இடமாற்றம் சின்னத் துண்டில்தான் தெரியும் என்பதால் பார்க்க வேண்டியது அதைத்தான். பலர் பெரிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு 1, 2, 3 என்று எண்ணிவிட்டு "ஓகே" என்று கூவிவிடுகிறார்கள். தனியாக வேலை செய்கிறீர்கள் என்றால் தூரத்து முனையில் மொபைலை வீடியோவில் விட்டுவிட்டு வாருங்கள்.

டெஸ்டர் பார்ப்பது இங்கே புறப்பட்ட கரண்ட் அங்கே வந்து சேர்ந்ததா என்பதை மட்டும். எவ்வளவு எதிர்ப்போடு வந்தது, யாரோடு முறுக்கிக்கொண்டு வந்தது, வழியில் எவ்வளவு இரைச்சல், எதுவும் அதற்குத் தெரியாது. கேபிளின் எட்டுக் கம்பியும் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. கிகாபிட் லைனில் ஒவ்வொரு ஜோடியிலும் விநாடிக்கு 12.5 கோடி தடவை சிக்னல் மாறுகிறது. பேட்டரிக் கரண்ட் அரை விநாடி போய் வந்ததை வைத்து அதற்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு அறுந்த கம்பியையும் இடம் மாறிய கம்பியையும் காட்டிக்கொடுக்கிறது, நடைமுறையில் பெரும்பாலான பழுது இந்த இரண்டில் அடங்கிவிடும். ஸ்லோ மோடில் போட்டு, கனெக்டர் பக்கத்தில் கேபிளைப் பைய அசைத்துப் பார்த்தால், விட்டு விட்டு வரும் லூஸும் தெரியும்.

10.6.2024, இரவு

"ஜி லைட் எரியவில்லை, கேபிள் போச்சா?" என்று தனியாக ஒருவர் கேட்டார். ஜி என்பது வெள்ளித்தாள் கவசம் சுற்றிய கேபிளுக்கு. வீட்டுக்கு வாங்கும் சாதா கேபிளில் அந்தக் கவசமே கிடையாது, எரியாது. எரிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

12.6.2024

போட்டோ வந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கணும் அண்ணன்.

தட்டுக்குப் பின்னால் கீஸ்டோன் ஜாக் (கம்பிகளை நேரடியாகப் பதிக்கும் சுவர் சாக்கெட்) இல்லை. கேபிள் முனையில் ஆர்ஜே45 கனெக்டர் (லான் கேபிளின் வழக்கமான பிளக்) அடித்து, இரண்டு பிளக்கை இணைக்கும் கப்ளரில் குத்தி வைத்திருக்கிறார்கள். கனெக்டரில் கலர் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். பார்க்க அவ்வளவு அழகு. ஜோடி ஜோடியாக, ரெண்டு முனையும் அச்சு அசலாக ஒன்று. டெஸ்டர் எட்டு லைட்டும் காட்டாமல் என்ன செய்யும்?

இருக்க வேண்டியது டி568பி என்ற தர வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவில் உள்ள நீல ஜோடியைத் தாண்டி 3-ஆம் இடத்திலும் 6-ஆம் இடத்திலும் உட்காரும். ஏனென்றால் போர்ட்டுக்குள்ளே 3-ம் 6-ம் ஒரு ஜோடி, 4-ம் 5-ம் ஒரு ஜோடி. இவர் அடித்திருக்கும் வரிசையில் 3-இல் பச்சை ஜோடியின் வெள்ளை, 6-இல் நீலம். கணவன் மனைவி இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் யாரோ ஒருவரோடு நாகர்கோவில் வடசேரிக்கு வந்து சேர்ந்த கதை. இறங்கும் இடத்தில் நின்று எண்ணினால் எட்டுப் பேரும் சரியாக இருக்கிறார்கள். டெஸ்டர் நிற்பது அந்த இடத்தில்தான்.

இதைத்தான் ஸ்ப்ளிட் பேர் என்பார்கள். கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதே, ஒரே ஜோடியின் இரண்டு கம்பியும் ஒரே இரைச்சலை வாங்கி, போய்ச் சேரும் இடத்தில் அது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளட்டும் என்றுதான். ஜோடி பிரிந்துவிட்டால் முறுக்கு பகையாகிவிடும். பக்கத்து ஜோடியின் சிக்னலை வாரிக் கட்டிக்கொண்டு வரும்.

12.6.2024, இரவு

அப்போ 100 எப்படி ஒழுங்காக ஓடுகிறது என்று நியாயமாகக் கேட்டார் கேள்விக்காரர். 100-க்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடி போதும். 1-2 ஆரஞ்சு, அது நல்ல ஜோடி. 3-உம் 6-உம் பிரிந்து கிடந்தாலும் அவற்றோடு முறுக்கிக்கொண்டிருக்கும் 4-உம் 5-உம் அப்போது சும்மா கிடக்கின்றன, இரைச்சல் போட ஆளில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில், இரண்டு திசையிலும் பேச வேண்டும். அங்கேதான் சந்தி சிரிக்கிறது.

முதலில் "உனக்கு கிகாபிட் வருமா?" என்று இரண்டு பெட்டியும் விசாரித்துக்கொள்வதும் 1-2, 3-6 வழியாகத்தான். அந்த விசாரணை மெதுவான துடிப்பு, ஸ்ப்ளிட் பேரிலும் தப்பித்துவிடும். இரண்டும் சம்மதிக்கும், கிகாபிட்டில் ஏறப் பார்க்கும், முடியாது. புத்தியுள்ள நெட்வொர்க் கார்டாக இருந்தால் 100-க்கு இறங்கி நிற்கும். புத்தியில்லாத கார்டு லைட்டை எரித்து அணைத்து எரித்து அணைத்து விடிய விடிய அதையே செய்யும். இரண்டாவது வகை உங்கள் வீட்டில் இருந்திருந்தால் ரூட்டரை என்றைக்கோ மாற்றியிருப்பீர்கள்.

13.6.2024

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது. கருங்கல் பக்கம் வயரிங் செய்யும் ஒருவர்: "ரெண்டு பக்கமும் ஒரே கலர் வந்தா போதும், வரிசை எல்லாம் சும்மா. நான் இப்படித்தான் அடிக்கேன், ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது."

கம்ப்ளெயின்ட் இல்லாததற்குக் காரணம், அந்த வீடுகளில் பிளான் 100-க்குள்ளாக இருக்கும், அல்லது கேபிள் நாலு மீட்டராக இருக்கும். பழைய டெலிபோன் லைனில் இந்த வாதம் செல்லும். குரலுக்கு ஜோடி பிரிந்தாலும் சின்னத் தூரத்தில் கேடில்லை.

டெலிபோன் என்றதும் ஒரு விஷயம். இந்தக் கோணல் வரிசையே டெலிபோன் விட்டுப்போன சொத்து. நடுவில் 4-5 முதல் டெலிபோன் லைன், அதைச் சுற்றி 3-6 இரண்டாவது லைன் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. அதே ரீதியில் 2-7, 1-8 என்று போனால் ஜோடிக் கம்பிகள் ரொம்ப விலகிப்போகும் என்பதால் மற்ற இரண்டு ஜோடியையும் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அழகுக்காக யாரும் கோணலாக்கவில்லை.

16.6.2024

கருங்கல்காரர் விடவில்லை: "அப்போ ஒரு பக்கம் ஏ, ஒரு பக்கம் பி அடித்தால்? அதுவும் ஓடுதே." ஓடும். பி என்பது மேலே சொன்ன டி568பி, ஏ என்பது அதில் பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறிய டி568ஏ வரிசை. ஏ-யிலும் 3-6 ஒரே ஜோடிதான், அதனால் ஜோடி எதுவும் பிரிவதில்லை. டெஸ்டரில் 1 எரியும்போது அங்கே 3, 2-க்கு 6 என்று காட்டும். முன்பு இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்க இதை வேண்டுமென்றே செய்வோம், கிராஸ் கேபிள் என்று. இன்றைய போர்ட்கள் தாமாகவே திருப்பிக்கொள்ளும்.

வேடிக்கையைப் பாருங்கள். டெஸ்டர் தப்பு என்று காட்டும் கேபிள் ஓடுகிறது, சரி என்று காட்டும் கேபிள் கிகாபிட்டில் ஓடவில்லை.

ஆனாலும் வீட்டுக்குள் ஏ-யும் பி-யும் கலக்காதீர்கள். பின்னால் வருகிறவன் குழம்பிச் சாவான். ஜாக்கின் பக்கத்தில் இரண்டு கலர் வரிசையும் ஒட்டியிருக்கும், ஒன்றைப் பிடித்தால் அதையே பிடியுங்கள்.

23.6.2024

மார்த்தாண்டம் முடிந்தது. இரண்டு முனையையும் வெட்டி, கப்ளரைத் தூக்கிவிட்டு கீஸ்டோன் ஜாக்கில் கம்பிகளை அழுத்திப் பதித்ததும் (பஞ்ச் செய்வது என்பார்கள்) 1000/1000, ஸ்பீடு 290. அதே எலக்ட்ரீஷியன்தான் வந்து செய்தாராம், சத்தமில்லாமல். நல்ல மனிதர். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், கரண்ட் வயரிங்கில் ஜோடி என்று ஒன்று கிடையாதே.

பஞ்ச் செய்யும்போது முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வசதிக்காக இரண்டு இஞ்ச் பிரித்து வைப்பவர்களைப் பார்க்கிறேன். கனெக்டர் அடித்தால் மேல் உறை கனெக்டருக்குள் போய், அதன் நாக்கு உறையைக் கவ்வ வேண்டும். கம்பியை மட்டும் கவ்வினால் ஒரு இழுப்பில் கழன்றுவரும்.

7.7.2024

குளச்சலிலிருந்து ஒருவர். டெஸ்டர் சரி, கலர் வரிசை சரி, ஆனால் மாடி கேமரா இரவானால் அணைந்து அணைந்து வருகிறது.

இரவானால் என்பதைக் கவனியுங்கள். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். லான் கேபிள் வழியே கரண்ட் போகும் பிஓஇ கேமரா என்றால் கேபிளின் எதிர்ப்பு அப்போதுதான் வேலையைக் காட்டும். எனக்கு முதல் சந்தேகம் கம்பி செம்புதானா என்பது.

பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. சிசிஏ என்று பெட்டியில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பெட்டியைத் தூக்கினாலே கனம் குறைவாகத் தெரியும். கேட்5இ, கேட்6 என்ற பெயருக்கான தரவிதிப்படி கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சிசிஏ அந்தக் கணக்கில் சேராது.

சுரண்ட மனமில்லை என்றால் மல்டிமீட்டர். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்குங்கள், மறு முனையில் ஓம் பாருங்கள். வீட்டுக் கேபிளில் வழக்கமான 24 கேஜ் செம்புக்கு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 8.4 ஓம். 20 மீட்டர் கேபிள் என்றால் போக வர 40 மீட்டர், 3.4 ஓம் அளவில் வரணும். அதே நீளத்துக்கு 5-ஐத் தாண்டினால் அலுமினியம். மீட்டர் குச்சிகளை ஒன்றோடொன்று தொட்டு, வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள், அதுவே அரை ஓம் காட்டும் சில மீட்டரில்.

7.7.2024, சற்றுப் பின்

நான்கு ஜோடியையும் அளந்து எழுதி வையுங்கள். ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், முறுக்கு அளவு வேறு வேறு என்பதால். மூன்று ஜோடி 3.4-ஐ ஒட்டி வந்து ஒன்று மட்டும் 6 காட்டினால் கேபிளின் மேல் பழி போடாமல் அந்த ஜோடியின் முனைகளைப் பாருங்கள். டெஸ்டருக்கு 6 ஓமும் ஒன்றுதான் 60 ஓமும் ஒன்றுதான், லைட் எரியும்.

14.7.2024

குளச்சல் முடிவு: அலுமினியம்தான். கூடவே ஐஓ பாக்ஸில் (சுவரில் லான் ஜாக் வைக்கும் பெட்டி) பச்சை பூத்திருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருக்கிறார்.

கடலோரத்தில் இது தனிக் கதை. முட்டத்தில் கடலைப் பார்த்த சுவரில் ஒரு ஐஓ பாக்ஸ் ஓர்மை இருக்கிறது. திறந்தால் உள்ளே பல்லிமுட்டை, உப்புப் படலம், பச்சை. ஜாக்கின் ஊசிகளில் தங்கப் பூச்சு உண்டு என்பார்கள், மலிவானதில் பூச்சு பெயருக்குத்தான். வீட்டுக்காரர் அதை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். இருந்த கொஞ்சப் பூச்சும் போனது. தேய்க்காதீர்கள், வெட்டிவிட்டுப் புது ஜாக் போடுங்கள். கடல் பக்கத்துச் சுவரைத் தவிர்த்து உள்சுவரில் பாக்ஸ் வைக்க முடிந்தால் அதுதான் உத்தமம். வெளியில் வைத்தே ஆகணும் என்றால் பாக்ஸின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், கேபிள் கீழிருந்து ஏறி உள்ளே போகட்டும், தண்ணீர் கேபிள் வழியே இறங்கி உள்ளே வராது.

18.8.2024

ஒரு கேள்வி தங்கிவிட்டது. "சுவருக்குள் மூடிவிட்ட கேபிளில் ஸ்ப்ளிட் பேர் இருக்கிறதா என்று முகப்பைக் கழற்றாமல் பார்க்க வழி உண்டா?"

விலை கூடிய சர்ட்டிஃபயர் மீட்டர் சொல்லும். அதை வாடகைக்கு எடுக்கும் காசுக்கு இன்னொரு கேபிள் இழுக்கலாம். ஆனால் மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) அளக்கும் வசதி இருந்தால் நல்ல வித்தை ஒன்று உண்டு. இரண்டு முனையும் எதிலும் குத்தாமல் சும்மா இருக்கட்டும். ஒரே ஜோடியின் இரு கம்பிக்கிடையே மீட்டருக்கு ஏறக்குறைய 50 பிகோஃபாரட் வரும். 20 மீட்டருக்கு ஆயிரம் பிகோ, அதாவது 1 நானோஃபாரட். பேட்ச் கார்டை ஒரு முனையில் வெட்டி, அதன் கம்பிகள் வழியே 1-2 அளந்து, அப்புறம் 3-6 அளங்கள். 3-6 கணிசமாகக் குறைந்தால் அந்த இரண்டும் ஒரே ஜோடியில் இல்லை.

இதே அளவு இன்னொன்றுக்கும் ஆகும். அறுந்த கம்பி எங்கே அறுந்திருக்கிறது? நல்ல ஜோடி 1 நானோ காட்டி, அறுந்த ஜோடி 0.3 காட்டினால் இந்த முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அறுந்திருக்கிறது. மறுமுனையிலிருந்தும் அளந்து சரிபார்க்கலாம். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே உள்ள ஒரு வீட்டில் இப்படிக் கணக்குப் போட்டு, ஓட்டுக்கூரைக்கு மேலே ஏறிப் பார்த்தால் மரநாய் கடித்த இடம். பழைய டெலிபோன் லைன்மேன்கள் பழுது தேடியதும் இதே முறையில்தான், கருவிதான் பெரிசு.

25.8.2024

இன்னொரு வழியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னது சரி. சில சின்ன மேனேஜ்டு சுவிட்ச்களுக்குள்ளேயே (செட்டிங் மாற்றக்கூடிய, பல லான் கேபிள்களை இணைக்கும் பெட்டி) கேபிள் டெஸ்ட் இருக்கிறது. டிபி-லிங்க்கின் ஈசி ஸ்மார்ட் வரிசை ஐந்து போர்ட் சுவிட்சிலும் உண்டு. லினக்ஸ்காரர்களுக்கு ஈத்டூல் கட்டளையில் உண்டு, கார்டு ஒத்துழைத்தால். சுவிட்ச் ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் மோதித் திரும்பும் எதிரொலிக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்கும். கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் போகும், 20 மீட்டர் போய் வர 200 நானோ விநாடி. தூரத்தில் ஓரிரண்டு மீட்டர் முன்னே பின்னே இருக்கும், ஆனால் எந்த ஜோடி, எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். இதுவும் ஸ்ப்ளிட் பேரைப் பிடிக்கும் என்று நம்பாதீர்கள்.

1.9.2024

பிஓஇ சுவிட்சில் டெஸ்டரைக் குத்தலாமா? குத்தாதீர்கள்.

1.9.2024, மாலை

"தரமான பிஓஇ சுவிட்ச் கேட்காமல் கரண்ட் விடாதுதானே, ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்று ஒரு தம்பி. உண்மைதான். தரவிதிப்படி உள்ள சுவிட்ச் முதலில் அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால்தான் 48 வோல்ட் அளவில் விடும். ஆனால் நம்மூரில் கேமராவோடும் கூரை மேல் வைக்கும் வயர்லெஸ் பெட்டியோடும் வரும் சின்ன இன்ஜெக்டர்கள் (லான் கேபிளில் கரண்டைச் சேர்த்துவிடும் அடாப்டர்) கேட்பதில்லை, குத்திய உடனே விடும். எதிர்முனையில் எது இருக்கிறது என்று தெரியாத வீட்டில் இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு டெஸ்டர் போடுங்கள். பேட்டரி டெஸ்டருக்கு 48 வோல்ட் என்றால் ஒரு முறை புகை, அவ்வளவுதான்.

20.10.2024

மழை. இடவப்பாதி மழையில் ஒரு சுற்று, ஐப்பசி மழையில் ஒரு சுற்று என்று நம் மாவட்டத்துக் கேபிள்கள் வருஷத்துக்கு இரண்டு முறை நனைகின்றன. வெள்ளை உறை பிவிசி கேபிளைத்தான் வெளிச்சுவரில் அடித்துவிட்டுப் போகிறார்கள். வெயிலில் அது வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். மழை நாளில் நெட் மெதுவாகி வெயில் அடித்ததும் சரியாகிறது என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. டெஸ்டர் அன்றைக்கும் எட்டு லைட்டும் காட்டும். ஆகஸ்டில் சொன்ன கெப்பாசிட்டன்ஸ் அளவு வழக்கத்தைவிடக் கூடுதலாக வரும், தண்ணீர் அதைத் தூக்கிவிடும். சவத்தை மாற்றிவிட்டு கருப்பு உறை வெளிப்புறக் கேபிள் போடுங்கள். ஜெல்லி நிரப்பியது கிடைத்தால் இன்னும் நல்லது, கை பிசுபிசுக்கும், அதைப் பார்த்தால் ஆகாது.

10.11.2024

அழகியமண்டபம் வாசகர்: தம்பி வீடு பக்கத்துத் தோப்பில். தென்னைகளுக்கு நடுவே 60 மீட்டர் லான் கேபிள் கட்டி இரண்டு வீட்டுக்கும் ஒரே நெட். போன வாரம் இடி இடித்தது, லிங்க் போனது. கேபிளை டெஸ்டரில் போட்டால் எட்டும் எரிகிறது.

எரியும். கேபிளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, போர்ட் செத்திருக்கும். அதே சுவிட்சில் வேறு போர்ட்டில் குத்திப் பாருங்கள், ரூட்டர் பக்கமும் அப்படியே. சில சமயம் ஒரு ஜோடி மட்டும் சாகும், அப்போது 100-இல் ஓடிக்கொண்டே இருக்கும். கேபிள் பழுது என்று நினைத்துக் கனெக்டரை வெட்டி வெட்டி அடித்துக்கொண்டிருப்போம். போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் தாங்க வேண்டும் என்பது விதி. இடி விதியைப் படித்துவிட்டு வருவதில்லை.

தோப்பு வழியே செம்புக் கம்பி வேண்டாம் என்பது என் கட்சி. மரத்தில் நேராக இடி விழ வேண்டும் என்றில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீளக் கம்பியில் வோல்டேஜ் ஏறும். ஒக்கி புயலில் 2017 நவம்பரில் தோப்புகள் விழுந்தபோது மரத்தோடு கட்டிய கேபிள்கள் எல்லாம் மரத்தோடு போனதையும் பார்த்தோமே. 60 மீட்டருக்கு ஃபைபர் போடுங்கள், முனை ஏற்கனவே அடித்து வரும் கேபிள் கிடைக்கிறது, இரண்டு பக்கமும் ஃபைபரை லான் கேபிளாக மாற்றும் ஒரு மீடியா கன்வர்ட்டர்.

11.11.2024

மீடியா கன்வர்ட்டர் வாங்கும்போது கிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 100 மட்டும் உள்ளதும் அதே பெட்டியில் அதே கலரில் வருகிறது, மறுபடி 94-இல் வந்து நிற்போம். ஃபைபர் கேபிளோடு தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி ஒட்டி வரும், அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து நறுக்கிவிடுங்கள், கன்வர்ட்டர் வரை கொண்டுபோக வேண்டாம். கண்ணாடி வழியே இடி வராது, அந்தக் கம்பி வழியே வரும்.